வலுவிழந்த புயல்



தம்மம்பட்டிக்காரன் ஒருவன் கடற்புயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்றதும், "மலையடிவாரத்துக்காரருக்கும் கடலுக்கும் என்ன உறவு?" என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறு இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே கொல்லிமலை நிற்கிறது. தென்கிழக்கே பச்சைமலை நிற்கிறது. இரண்டுக்கும் இடையே சுவேத நதி ஓடுகிறது. மரச்சிற்பத்துக்கும் பாக்குத் தோப்புக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் பெயர்பெற்ற ஊர் அது. கப்பலைப் படத்திலே கண்டவர்கள்தாம் அங்கே மிகுதி.

ஆயினும் நிலப்படத்தை விரித்துத் தம்மம்பட்டியின்மேல் அடிக்கோலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 140 கிலோமீட்டர் சென்றதும் அக்கோடு பரங்கிப்பேட்டையின் அருகே கடலைத் தொடும். எங்கள் சுவேத நதி சேலம் மாவட்டத்தைக் கடந்து, வசிட்ட நதியோடு கூடி, வெள்ளாறு என்னும் பெயர் பெற்றுச் சென்று சேரும் இடமும் அந்தப் பரங்கிப்பேட்டைதான். கடலிலிருந்து மேகமாகப் புறப்பட்டுக் கொல்லிமலையில் இறங்கும் நீர், எங்கள் ஊர் வழியே நடந்து மீண்டும் அதே கடலுக்குத் திரும்புகிறது. நாங்கள் கடலைப் பாராதவர்களாக இருக்கலாம். கடல் எங்களைப் பாராமல் இருப்பதில்லை.

இதனை நான் ஏட்டிலே பல்லாண்டுகள் கற்பித்தேன். நிலநூல் ஆசிரியனாக வகுப்பறையில் நின்று, சூறாவளியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, அம்புக்குறிகளைச் சுழித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளில் ஒரு சொல்லின் பொருளை நான் தவறாக எடுத்துக்கொண்டேன். இன்றைய பேச்சு அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

என் பெரியப்பாவின் மூத்த மகன் எனக்கு அண்ணன் முறை. கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் ஓடை ஒன்று ஆற்றிற் சேரும் இடத்தை ஒட்டி அவருக்குச் சிறிது நிலம் உண்டு. அங்கே ஓர் ஆட்டுப்பட்டியும், இரவுக் காவலுக்குப் படுக்க ஒரு குடிசையும் இருந்தன. நவம்பர் 29, வெள்ளிக்கிழமை, வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டது என்ற செய்தி வந்தது. அண்ணன் தம் ஒன்பது ஆடுகளையும் ஊருக்குள் ஓட்டிவந்து வீட்டுத் திண்ணையில் கட்டினார். சனிக்கிழமை இரவு புயல் கரையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"தம்பி, புயல் என்ன ஆயிற்று? போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா?"

"வலுவிழந்துவிட்டது அண்ணா. தாழ்வு மண்டலமாகிவிட்டது என்று இப்பொழுதுதான் கேட்டேன். இனிப் பயமில்லை."

"வாத்தியார் சொன்னால் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சென்றார். திண்ணையில் ஆடுகள் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தன. வீட்டிலே பெண்கள் முகம் சுளித்தார்கள். மாலையில் அவற்றை ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்தார். அன்றிரவு மலையில் பெய்த மழை விடியுமுன் ஓடையாய் இறங்கியது. ஒன்பது ஆடுகளில் ஆறு போயின. குடிசையும் போயிற்று. அக்குடிசையில் அன்றிரவு காவலுக்குப் படுத்திருக்க வேண்டியவன் அவருடைய மகன். காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துவிட்டான். ஆறு ஆடுகளின் விலையை நான் பல முறை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் காய்ச்சலைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்ட செய்தியில் பொய் இல்லை. புயல் உண்மையிலேயே வலுவிழந்திருந்தது. அப்படியானால் பிழை எங்கே?

பிழையைக் காண வேண்டுமானால், புயல் எதைக்கொண்டு அளக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால் அது தாழ்வு மண்டலம். ஏறக்குறைய 50 ஆனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். 89க்கு மேல் தீவிரப் புயல் என்றும், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல் என்றும் படிப்படியாக உயர்ந்து, 222க்கு மேல் சூப்பர் புயல் என்னும் முடிசூட்டிக் கொள்கிறது. இந்தப் படிகள் அனைத்தும் காற்றின் வேகத்தைக் கொண்டே வகுக்கப்பட்டவை. மழை எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்பதற்கு இந்த அளவையில் இடமே இல்லை. ஆகவே "வலுவிழந்தது" என்று சொன்னால், காற்று வலுவிழந்தது என்பதே பொருள். மேகத்தைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறவில்லை. கூறியதாக நான் எண்ணிக்கொண்டேன்.

இவ்வாறு காற்றைக்கொண்டு அளக்கும் வழக்கம் மாலுமிகளுக்காகத் தோன்றியது. புயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சைக்ளோன்' என்ற பெயரை ஆக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். கப்பல் தலைவர்களுக்காக அவர் எழுதி 1848இல் வெளிவந்த நூலில் அப்பெயர் இடம்பெற்றது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை எடுத்தார். 1864ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் தாக்கிய பின்னர், அரசினர் விழித்துக்கொண்டனர். 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. பாய்மரத்தை முறிப்பது காற்று. மாலுமிக்கு அதுதான் வேண்டிய செய்தி. ஓடைக்கரையில் ஆடு அடைப்பவனுக்கு வேண்டிய செய்தி வேறு.

புயலுக்குப் பெயர் வைப்பதும் அந்த 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான். வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள நாடுகள் 2000ஆம் ஆண்டில் கூடிப் பேசி, 2004 முதல் பெயரிட்டு வருகின்றன. 2020இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் ஒவ்வொன்றும் 13 பெயர்களைத் தந்துள்ளன; ஆக 169 பெயர்கள். இந்தியா தந்தவற்றுள் 'முரசு' என்பதும் ஒன்று. வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்லி நாக்குப் பிறழும் நம்மவர்க்கு அஃது ஓர் ஆறுதல். பெயர் பெற்ற புயலுக்குச் செய்தித்தாளில் இடம் உண்டு. பெயர் பெறுமுன்னும் பெயர் இழந்த பின்னும் அது செய்யும் செயலுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

இனி, புயல் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். உங்கள் பாடநூலில் உள்ளதுதான். எனினும் கதைக்கு அது தேவைப்படுகிறது. கடலின் மேற்பரப்பும் அதன் கீழ் ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரையுள்ள நீரும் 26½ பாகை செல்சியசுக்கு மேல் வெம்மை கொண்டிருக்க வேண்டும். அந்த வெம்மையால் நீர் ஆவியாகி மேலே செல்கிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது, ஆவிக்குள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை வளைத்துச் சுழலாக்குகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஐந்து பாகைக்குள் அவ்வளைவு மிகச் சிறியதாகையால் அங்கே புயல் பிறப்பது அரிது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கீழ்க்காற்றும் மேற்காற்றும் முற்றிலும் எதிரெதிராக வீசக் கூடாது. வீசினால் எழும் மேகத்தூண் சாய்ந்து சிதைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சக் காலத்தில் கீழே மேற்குக் காற்றும், வெகு உயரத்தில் கிழக்குக் காற்றும் வலுவாக வீசுகின்றன. அதனால் ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் நம் கடல்களில் பெரும்புயல் எழுவது இல்லை என்றே சொல்லலாம். பருவக்காற்றுக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒரு புயற்பருவம். பின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொரு புயற்பருவம். உலகின் மற்றக் கடல்களில் ஆண்டுக்கு ஒரு பருவமே இருக்க, நமக்கு இரண்டு.

நிலத்தின்மேல் ஏறிய புயல் ஏன் மெலிகிறது? அதன் உணவாகிய வெந்நீர் கீழே இல்லை. மரமும் மேடும் வீடும் காற்றின் காலைப் பிடித்து இழுக்கின்றன. அரை நாளில், ஒரு நாளில் காற்று ஓய்ந்துவிடும். ஆனால் மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை நிறைந்துள்ள ஈரம் எங்கே போகும்? சுழலின் ஒரு கை இன்னும் கடலின்மேல் நீண்டிருக்கும். அந்தக் கை வழியாக ஈரம் மேலும் மேலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வரும் ஈரக்காற்றுக்கு எதிரே ஒரு மலை நின்றால், அது காற்றை மேலே தள்ளிக் குளிரவைத்து மழையைக் கறந்துவிடும். கொல்லிமலையும் சேர்வராயனும் கல்ராயனும் கிழக்குக் காற்றுக்கு எதிரே நிற்கும் மலைகள் என்பதை நினைவில் வையுங்கள். இனி எல்லாம் சுழலின் வேகத்தைப் பொறுத்தது. காற்று சுழலும் வேகத்தைச் சொல்லவில்லை. அந்தச் சுழல் இடம்விட்டு இடம் நகரும் வேகத்தைச் சொல்கிறேன். விரைந்து செல்லும் புயல் சிறிது மழையோடு போய்விடும். தயங்கி நிற்கும் புயல், அது எவ்வளவு மெலிந்ததாயினும், நின்ற இடத்தை மூழ்கடிக்கும்.

2024ஆம் ஆண்டில் வட இந்தியப் பெருங்கடலில் பெயர் பெற்ற புயல்கள் நான்கு. அவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் என் பிழை எனக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிற்று.

முதலாவது ரெமால். ஓமன் நாடு தந்த பெயர். மணல் என்று பொருள். மே 26 இரவு மேற்கு வங்கத்துக்கும் வங்காள தேசத்துக்கும் இடையே சுந்தரவனத்தை ஒட்டிய கரையைத் தீவிரப் புயலாகக் கடந்தது. கரையோரங்களில் இழப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் நாட்டில் அதனால் மிகுதியான உயிர்கள் போன இடம் எது தெரியுமா? கடலையே காணாத மிசோரம். புயல் வலுவிழந்து வடகிழக்கே சென்ற பின், மே 28 காலையில், அய்சால் நகரை ஒட்டிய கல்லுடைக்கும் குழி ஒன்று மழையில் சரிந்தது. வேறிடங்களிலும் மலை சரிந்தது. அம்மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டாவதாகிய அஸ்னாவின் கதை வியப்பானது. ஆகஸ்டு இறுதியில் ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் நிலத்தின் வழியே மேற்கு நோக்கி வந்து குசராத்தின்மேல் பல நாள் தங்கியது. வடோதரா நகரில் விசுவாமித்திரி ஆறு கரை புரண்டது. அவ்வாற்றின் முதலைகள் தெருக்களுக்கு வந்தன. மாநிலம் முழுவதிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதுவரை அதற்குப் பெயர் இல்லை. ஆகஸ்டு 30ஆம் நாள் அது கட்ச் கரையை விட்டு அரபிக் கடலில் இறங்கியது. காற்று 62ஐத் தொட்டது. அஸ்னா என்று பெயரிட்டார்கள். பெயர் பெற்ற பின் மேற்கே சென்று கடலிலேயே கரைந்துவிட்டது. ஆகஸ்டுத் திங்களில் அரபிக் கடலில் புயல் தோன்றியது 1976க்குப் பின் அதுவே முதன்முறை என்பதால் வானிலை அறிஞர்கள் அதனைப் பெரிதும் பேசினார்கள். பேசத்தக்கதுதான். ஆனால் பெயரில்லாத அந்த நாட்களே குசராத்து மக்கள் மறக்காத நாட்கள்.

மூன்றாவது டானா. அக்டோபர் 24ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி ஒடிசாவில் பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் இடையே தீவிரப் புயலாகக் கரையேறிற்று. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை முன்னரே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். உயிரிழப்பு மிகக் குறைவு. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அதே ஒடிசாவில் சூப்பர் புயல் ஏறக்குறைய 10,000 பேரைக் கொண்டுபோயிற்று. 2013இல் பைலின் என்னும் பெரும்புயல் வந்தபோது இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. கரையோரத்து மக்கள் கேட்கவும் நகரவும் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் செய்தி அவர்களுக்காகவே அமைந்த செய்தி என்பதும் ஒரு காரணம்.

நான்காவது, நம்முடையது. சவூதி அரேபியா தந்த ஃபெஞ்சல் என்னும் பெயர். நவம்பர் 25இல் தாழ்வு மண்டலமாகத் தோன்றியது. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல மெல்ல நகர்ந்தது. அங்கே வெள்ளத்தில் உயிர்கள் பலியாயின. 27ஆம் நாளே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. ஆகும், ஆகாது என்று இரண்டு நாள் கழிந்தன. தெருவிலே கேலி பேசினார்கள். "வராத புயலுக்குப் பள்ளி விடுமுறை" என்று பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். 29 பிற்பகல் புயலாயிற்று. 30ஆம் நாள் இரவு புதுச்சேரியின் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். புயல்களின் படிவரிசையில் மிகத் தாழ்ந்த படி அது.

கரையைக் கடந்தது என்று சொன்னேன். கடந்து எங்கும் போகவில்லை. புதுச்சேரியை ஒட்டியே பல மணி நேரம் அசையாமல் நின்றது. அந்நகரில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்குமுன் பல்லாண்டுகளாக அங்கே அவ்வளவு மழை பதிவானதில்லை. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் அதனினும் சற்று மிகுதி. டிசம்பர் 1ஆம் நாள் அது வலுவிழந்தது. அதாவது, நான் அண்ணனிடம் "பயமில்லை" என்று சொன்ன நாள். அன்று மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் இறங்கி ஏழு பேரைப் புதைத்தது. அவர்களிற் பலர் சிறுவர்கள். அன்றிரவு மேகம் உள்நாட்டுக்கு வந்தது.

எங்கள் ஊருக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் ஊத்தங்கரை இருக்கிறது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் அங்கே பெய்தது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவம் மூன்று திங்களிலும் சேர்ந்து கிடைக்கும் சராசரி மழை 44 சென்டிமீட்டர். மூன்று திங்கள் மழைக்கு மேல் ஒரே நாளில்! ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 50 சென்டிமீட்டர் மழை என்றால் 20 லட்சம் லிட்டர் நீர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஏரி நிறைந்து வழிந்து சாலையில் பாய்ந்தது. நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் பொம்மைகளைப்போல் இழுத்துச் சென்றது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கவேண்டி வந்தது. தென்பெண்ணைக் கரையிலுள்ள ஊர்கள் மூழ்கின. இவ்வளவும் செய்தது ஒரு 'வலுவிழந்த' புயல். டிசம்பர் 3இல் அதன் எச்சம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கிற்று.

இது புதியது என்று எண்ண வேண்டா. 1977ஆம் ஆண்டு நவம்பர் 12 விடியலில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. உள்நாட்டுக்குள் மெலிந்துகொண்டே மேற்கு நோக்கிச் சென்றது. செல்லும் வழியில் திருச்சிராப்பள்ளியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அப்புயலில் மாண்டோர் 560 பேர். ஒரு வாரம் கழித்து, அதே நவம்பர் 19இல், ஆந்திரத்துத் திவிசீமையில் கடல் எழுந்து ஏறக்குறைய 10,000 பேரை விழுங்கியதால், உலகம் முந்தியதை மறந்துவிட்டது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்ததும் பொங்கியெழுந்த கடல்தான்; ஓடிக்கொண்டிருந்த ரயில்வண்டியே பயணிகளோடு மறைந்தது. கரையிலானால் கடல்நீர், உள்நாட்டிலானால் மழைநீர். புயலில் மனிதர் மிகுதியாக மடிவது நீரால்.

காற்றுக்கும் மழைக்கும் உறவு எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் முதல் நாளில் சென்னை மூழ்கியதே, அன்று கடலில் பெயர் பெற்ற புயல் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு 2016 டிசம்பர் 12இல் வர்தா என்னும் புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்த்தது. ஆனால் அந்த ஆண்டு தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை சராசரியில் நூற்றுக்கு அறுபது பங்குக்கும் மேல் குறைந்தது. அடுத்த கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தரையைப் பார்த்தோம். பெரும்பெயர் பெற்ற புயல் வந்தும் பஞ்சம். பெயரே இல்லாத மேகம் வந்து வெள்ளம்.

அந்தக் கோடையை நினைக்கும்போது, வங்கக் கடலைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தாழ்வு மண்டலம் ஒன்று இரண்டு வராவிட்டால் எங்கள் ஏரிகள் நிறையமாட்டா. வந்து நெடுநாள் நின்றாலோ, வயலில் நீர் தேங்கி மரவள்ளிக் கிழங்கு அழுகும்; சேகோ ஆலைகளின் களத்தில் மாவு உலராது; சிற்பிக்கு வாகை மரம் ஈரம் வற்றாது. வேண்டும் என்றும் வேண்டா என்றும் ஒரே வாயால் சொல்கிறோம்.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. எண் உயர உயர ஆபத்து உயரும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பத்து வரையில் அது ஏறக்குறைய உண்மை. பதினொன்றாம் எண் கூண்டின் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அற்றுப்போய்விட்டது, நிலைமை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராமற்போவதே பேராபத்தின் அறிகுறியாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் அறிவை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

தம்மம்பட்டியில் கூண்டு ஏற்றக் கம்பம் கிடையாது. உள்நாட்டாருக்கு உரிய அறிவிப்பு வேறு வகையாக வருகிறது. மாவட்டந்தோறும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் மழையை முன்னறிவிக்கிறார்கள். ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கன மழை, 12 முதல் 20 வரை மிகக் கன மழை, அதற்கு மேல் அதிகன மழை. புயலின் பெயர் செய்தியிலிருந்து மறைந்த பிறகும் இந்த நிறங்கள் மறைவதில்லை. 2024 டிசம்பர் முதல் நாளில் நான் பெயரைக் கேட்டேன், நிறத்தைக் கேட்கவில்லை.

மாணவர்களாகிய உங்களால் மழையை அளக்கவும் முடியும். பக்கங்கள் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள ஒரு தகர டப்பாவை மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். காலை 8.30 மணிக்கு அடிக்கோலை உள்ளே விட்டு நீரின் உயரத்தைப் பாருங்கள். நாடெங்கும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். உங்கள் அளவு சிறிது பிழைபட்டாலும் கவலை இல்லை. என் வீட்டு மொட்டைமாடியில் அத்தகைய டப்பா ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. டிசம்பர் முதல் நாள் இரவு மட்டும் அதனை உள்ளே எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். புயல்தான் வலுவிழந்துவிட்டதே!

அண்ணன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானே ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று, அந்தச் செய்தியில் சொன்னது காற்றை, மழையை அன்று என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை அப்போதே கேட்டிருக்க வேண்டியவன் நான்தானே தம்பி" என்றார். அது பெருந்தன்மை; உண்மை அன்று. கேட்கவேண்டிய கேள்வி இது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

இப்பொழுது புதிய பட்டியை ஓடையிலிருந்து எட்ட, மேட்டிலே போட்டிருக்கிறார். கார்த்திகை பிறந்தால் மாலைதோறும் எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறார். புயலின் பெயரைக் கேட்பதில்லை. அது எங்கே கரையேறிற்று என்றும் கேட்பதில்லை. "தம்பி, மலையிலே எத்தனை சென்டிமீட்டர் சொல்கிறார்கள்?" என்று கேட்டு, நான் சொல்லும் எண்ணைத் தம் மகனிடம் சொல்லி நாட்காட்டியின் ஓரத்தில் குறிக்கச் செய்கிறார். சென்ற முறை போனபோது பார்த்தேன்: அந்த எண்களுக்குப் பக்கத்தில் என் டப்பாவின் கணக்கையும் எழுதி வைத்திருந்தான். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் ஒரு வட்டம் போட்டிருந்தான்.